தமிழ்ச் சொல் தேடும் தம்பிக்கு



தமிழ் நூல்களில் சொற்களை எண்ணித் தரும் நிரல் ஒன்றை பைதானில் எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. வடிவம் எழுதிச் சொல் தேடும் ரீஜெக்ஸ் பழகிவிட்டது, இனி வேலை ஓடிவிடும் என்று எழுதியிருந்தாய். ஓடும். ஆனால் அது எதை எண்ணுகிறது என்று பார்த்துக்கொள். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சோதனை செய். பைதானோடு வரும் ‘ரீ’ தொகுதியில், சொல்லைப் பிடிக்க எல்லோரும் எழுதும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்’ கொடுத்து, ‘தமிழ்’ என்ற சொல்லில் தேடு. ஒரு சொல் வர வேண்டும். வருவது ‘தம’, ‘ழ’ என்ற இரண்டு துண்டுகள். யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் யூனிகோட் எழுத்து வகையில் வைக்காமல், ‘சேர்குறி’ என்று தனி வகையில் வைத்திருக்கிறது. ‘ரீ’யின் டபிள்யூ எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் ஏற்கும், சேர்குறியை ஏற்காது.

சொல்லெல்லையைக் காட்டும் ‘பேக்ஸ்லாஷ் பி’யும் இதே கணக்கில்தான் நடக்கிறது. அதை இருபுறமும் வைத்து ‘தமிழ்’ என்று தேடினால், ‘தமிழ் மொழி’ என்ற தொடரில் கிடைக்காது. ‘பல’ என்று தேடினால் ‘பலா’வும் ‘பல்லி’யும் சேர்ந்து மாட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. தவறான எண்ணிக்கை அட்டவணையில் ஏறி, அச்சுக்கும் போய்விடும். இந்த மௌனத்துக்குத்தான் நீ அஞ்ச வேண்டும்.

ஆகவே தேடல் வடிவத்தை எழுதும் முன்பே அலகைத் தீர்மானித்துக்கொள். ‘தமிழ்’ யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட். யூனிகோடில் 5 குறியெண். படிப்பவர் கண்ணுக்கு 3 எழுத்து. மூன்றும் சரியான கணக்குகளே. உன் வேலைக்கு எது வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

எழுத்துதான் அலகு என்றால், தனியாக நிறுவ வேண்டிய ‘ரீஜெக்ஸ்’ என்ற தொகுதியைப் பயன்படுத்து. அதன் டபிள்யூ சேர்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்ளும். அதிலுள்ள ‘பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ்’ த, மி, ழ் என்று நாம் எண்ணுகிறபடியே பிரித்துத் தரும். ஆனால் ‘க்ஷ’வை க், ஷ என்று இரண்டாக்கும். சதுர அடைப்புக்குள் ‘கி’, ‘கு’ என்று எழுதாதே. அது ககரத்தையும் இரண்டு குறிகளையும் தனித்தனியே தேடும். இடையில் செங்குத்துக் கோடு போட்டு ‘கி அல்லது கு’ என்று எழுது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் போனால் அங்கே டபிள்யூ ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிடும். 2018 முதல் அங்கே தமிழ் வரிவடிவத்தைப் பெயர் சொல்லியே கேட்கலாம்.

அடுத்தது உள்ளே வரும் கோப்பு. எந்தக் குறியாக்கம் என்று வாசலிலேயே கேள். டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்று. பாமினியில் அடித்த தமிழ் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. யூனிகோடுக்குள்ளும் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றோடு, அல்லது எகரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கினால் இரண்டும் ஒன்றாகும்.

ஆனால் சிலர் ‘கௌரி’யை எகரக் குறியும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். அதை எந்தச் சீராக்கமும் திருத்தாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘தெளிவு’ கெட்டுவிடும். எகரக் குறிக்குப் பின் ளகரம் வந்து, அந்த ளகரத்துக்குப் பின் குறி எதுவும் இல்லாத இடங்களை மட்டும் பிடி. அவற்றில் பெரும்பாலானவை ஔகாரமாக இருக்கும். பட்டியலிட்டு ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு மாற்று. ரீஜெக்ஸின் உண்மையான பலம் இம்மாதிரி இடங்களில்தான் தெரியும்.

குறியாக்கம் வேறு துறை, நமக்கெதற்கு என்று ஒதுக்காதே. 1968இல் ரீஜெக்ஸ் தேடலைக் கணினிக்கு வகுத்துக் கட்டுரை எழுதிய கென் தாம்சன்தான், 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8ஐயும் வடிவமைத்தார். இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்.

நாளை ஏதோ ஒரு விண்ணப்பப் படிவத்துக்கும் நீ விதி எழுதுவாய். ‘பெயரில் எழுத்துகள் மட்டும்’ என்று டபிள்யூவை வைத்து எழுதினால், தன் பெயரைத் தமிழில் எழுதும் ஒருவரிடம் அந்தப் படிவம் ‘இது பெயரே இல்லை’ என்று சொல்லும். அவர் தன்மீதுதான் தவறு என்று எண்ணி ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போவார். உனக்குப் புகார்கூட வராது. அதனால் உன் சோதனைக் கோப்பில் தமிழ், பல, பலா, பல்லி, கௌரி, இருவிதமாக எழுதிய ‘கொ’ ஆகியவற்றை இன்றே சேர்த்துவிடு. இவை தேறாமல் எந்த நிரலையும் வெளியே அனுப்பாதே.

அன்புடன்,
உன் அண்ணன்