பீர் நொதிக்கும்போது சூட்டைக் கவனியுங்கள்!

பிரிட்டனில் 1963 முதல், சொந்தத் தேவைக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்க உரிமம் வேண்டியதில்லை. அங்கே முதன்முறை முயல்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

• ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18–22 டிகிரி செல்சியஸ், லாகர் வகைக்கு 9–13 டிகிரி பொதுவாக ஏற்றது. ஈஸ்ட் பாக்கெட்டில் அச்சிட்டுள்ள அளவையும் பாருங்கள்.

• நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டை உண்டாக்கும். அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஆகவே தெர்மாமீட்டரை வாளியின் மேலேயே ஒட்டுங்கள்.

• முதல் மூன்று நாட்கள் மிக முக்கியம். சூடு ஏறிவிட்டால், தூக்கலான பழவாசனையும் தொண்டையை எரிக்கும் ஆல்கஹால் நெடியும் பீரில் தங்கிவிடும்.

• வெயில் நாட்களில் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

• இரவில் திடீரெனக் குளிர்ந்தால் ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிந்துவிடும். வாளியைக் கம்பளியால் சுற்றி, இதமான இடத்துக்கு மாற்றுங்கள்.

• வெண்ணெய் வாசனை வந்தால், நொதித்தல் முடியும் தறுவாயில் 2–3 டிகிரி கூட்டி இரண்டு நாள் விடுங்கள். ஈஸ்ட்டே அதைப் போக்கிவிடும்.

• குமிழி நின்றதுமே பாட்டிலில் அடைக்காதீர்கள். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் மாறாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கலாம்.