பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி: சில கேள்விகள், பதில்கள்

பல் சீரமைப்புப் பற்றி நம் குடும்பங்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மார்க்கத்தில் கூடுமா?
அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மெல்லவும் பேசவும் சிரமம் தரும் கோணலைச் சரிசெய்வது மருத்துவம். அது கூடும் என்கிறார்கள் உலமாக்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

எந்த வயதில்?
7 வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கம்பி கட்டுவது பெரும்பாலும் பால்பற்கள் விழுந்த பிறகுதான். பெரியவர்களும் கட்டலாம்.

யாரிடம்?
பி.டி.எஸ். முடித்து, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரிடம்.

எங்கே?
அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் உள்ளன. மணிமுத்தாறிலிருந்து மாதாமாதம் போய்வரும் தூரமல்ல. நம் மாவட்டத்தில் காவல்கிணற்றில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு; அங்கும் விசாரியுங்கள்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?
சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் நீளும். மாதம் ஒருமுறை என்றால் 18 முதல் 24 நடை. பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்ரே, பல் எடுப்பது, கம்பி உடைந்தால் மாற்றுவது, கடைசியில் போடும் ரிடெய்னர் எல்லாம் கட்டணத்தில் அடக்கமா என்று முன்னதாகவே எழுதி வாங்குங்கள். தவணை கேட்பதில் வெட்கமில்லை. வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

பணமில்லை என்று பாதியில் நிறுத்தினால் நகர்ந்த பல் திரும்பிவிடும், கொடுத்ததும் வீண். ஆகவே முழுக் கணக்கும் தெரிந்த பிறகே தொடங்குங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.