கிராம ஆஸ்பத்திரியில் வைத்தியக் கல்வி

நம்பிக்கை: பெருநகரத்துப் போதனா ஆஸ்பத்திரியில் பயிலாத மாணவன் அரைகுறை வைத்தியனாகவே தேறுவான்.

உண்மை: ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் சர்வகலாசாலை, 1997ஆம் ஆண்டு முதல், தன் வைத்திய மாணவர்களில் சிலரை அடிலெய்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொள்ளாமல், மரே நதி பாயும் ரிவர்லாண்ட் பிரதேசத்துச் சிற்றூர்களில் ஓராண்டு முழுவதும் தங்கிப் பயிலச் செய்தது. நகரத்தில் எஞ்சியவர்களும் இவர்களும் ஒரே பரீட்சையை எழுதினார்கள். 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வின்படி, முந்தைய ஆண்டின் நிலையோடு ஒப்பிடுகையில், நகரத்தாரைக் காட்டிலும் சிற்றூர்களில் பயின்றோரே அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நகரத்து மாணவன் ரண சிகிச்சைப் பிரிவில் சில வாரமும், பிரசவப் பிரிவில் சில வாரமுமாக இடம் மாறிக்கொண்டேயிருப்பதால், வியாதியின் ஒரு கட்டத்தைக் காண்கிறானேயன்றி, வியாதியஸ்தரின் வாழ்க்கையைக் காண்பதில்லை. சிற்றூரில் பயில்பவனோ, கர்ப்பிணியாக வந்தபோது தான் பரிசோதித்த பெண்ணின் பிரசவத்துக்கு உடனிருந்து, பிறந்த சிசுவுக்குத் தடுப்பூசி போடும் நாளில் அவளையே மறுபடி சந்திக்கிறான். தலைவலியென்று வந்தவரின் உள்ளத்தை அரிக்கும் கவலை மூன்றாம் சந்திப்பில்தான் வெளிப்படுமாயின், அந்த மூன்றாம் சந்திப்பும் அவனுக்குக் கிட்டுகிறது. இந்தத் தொடர்ச்சியை எந்தப் பாடப் புத்தகமும் புகட்ட முடியாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

நம்பிக்கை: கிராமத்தில் கட்டாய ஊழியக் காலம் முடிந்ததும் வைத்தியர்கள் எல்லோரும் நகரத்துக்கு ஓடிவிடுவார்கள்.

உண்மை: ஜப்பானின் மாகாணங்களெல்லாம் கூடி 1972இல் நிறுவிய ஜிச்சி வைத்திய சர்வகலாசாலையின் மாணவர்கள், படிப்புச் செலவுக்கு ஈடாக, படித்த ஆறாண்டுகளின் ஒன்றரை மடங்காகிய ஒன்பதாண்டுகள் சொந்த மாகாணத்தில் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர்கள். அக்கடமை தீர்ந்த பின்னரும், மற்றக் கலாசாலைகளில் தேறியவர்களைவிட மிகுதியான விகிதத்தில் அவர்கள் கிராமாந்தரங்களிலேயே பணிபுரிகிறார்கள்.

நம்பிக்கை: கிராமத்துக்கு அனுப்பிவிட்டால் போதும், அனுபவம் தானே ஆசானாகிவிடும்.

உண்மை: மூன்று நம்பிக்கைகளிலும் அபாயகரமானது இதுவே. ரிவர்லாண்டில் மாணவர்கள் தனியே விடப்படவில்லை. அச்சிற்றூர்களின் வைத்தியர்களே அவர்களுக்கு உபாத்தியாயர்களாயிருந்து, நகரத்துப் பாடத்திட்டத்தையே கற்பித்தார்கள். நம் நாட்டிலும், வைத்திய மேற்படிப்பு மாணவர்கள் மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதம் பணியாற்ற வேண்டுமென்று 2020இல் விதி செய்யப்பட்டது. நல்ல விதிதான், ஆனால், ஆளில்லாத குறையை அம்மாணவர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளாமல், அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அவர்களோடு அமர்ந்து விவாதிக்கும் நிபுணர் ஒருவரை அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே நியமித்து, அவருக்கு அதற்கான அவகாசத்தையும் அரசாங்கம் அளித்தாக வேண்டும்.