நூற்றைம்பது கிலோமீட்டர் நீளக் கை

மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசையன்று போனவர்களுக்கு அங்குள்ள கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் கொள்ளேகாலிலிருந்து தாளபெட்டா வழியாகக் கன்னட மக்கள் ஏறி வருவர். மறுபுறம் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக நம் சேலத்து மக்கள் வந்து சேருவர். மாதேஸ்வரர் புலியின்மேல் ஏறி உலவியவர் என்பது அம்மலையின் கதை; ஆகவே கோயிலைச் சுற்றிப் புலி வாகனம் வலம் வரும். ஆறு மாதங்களுக்கு முன் ஓர் அமாவாசையன்று நான் அதைக் கண்டுவிட்டு, ஒரு தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து, செல்போனில் வேறொரு வாகனத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அது மைசூரில், 150 கிலோமீட்டருக்கு அப்பால், எங்கள் ஆய்வகத்தில் இருந்த கணிப்பொறி. முந்தின நாள் மாலை அதில் ஒரு நீண்ட கணக்கை ஓடவிட்டு வந்திருந்தேன். அது பாதியில் நின்றிருந்தது. குற்றம் இயந்திரத்தினுடையது அன்று. ஒரு கோப்பின் பெயரில் ஓரெழுத்தை நான் விட்டிருந்தேன். மலைமேல் இருந்தபடியே அதைத் திருத்தி மறுபடியும் ஓடவிட்டேன்.

கடைக்கார அம்மையார் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கறுப்புத் திரையிலே வெறும் எழுத்தா ஓடுது?" என்றார். நான் பெருமையோடு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ மைசூர்ல இருக்கிற மிஷினை நீ இங்கே உட்கார்ந்து ஆட்டறே. இதே மாதிரிதான் எங்கேயோ உட்கார்ந்து ஒருத்தன் என் போனை ஆட்டிப் பதினெட்டாயிரம் எடுத்துக்கிட்டுப் போனான். ரெண்டும் ஒண்ணுதானா தம்பி?"

"இல்லக்கா, அது வேறே, இது வேறே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி வரும்போதுதான் நான் சொன்னது தவறு என்று உணர்ந்தேன். வேலை செய்யும் முறையில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து ஒரு பொறியை ஆளுவது நேற்று வந்த வித்தை அன்று. 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பி எதுவுமின்றி ரேடியோ அலைகளால் அதைத் திருப்பியும் ஓட்டியும் காட்டினார். படகு அவர் கண்முன்னே இருந்தது. ஆதலால் கட்டளை போனால் போதும், பதில் வரத் தேவையில்லை. படகு கண்ணுக்கு மறைந்துவிட்டால்? அப்போது இரண்டாவது இழை ஒன்று வேண்டும். ஓர் இழையில் நம் கட்டளை போகும். மற்றோர் இழையில் அங்கே நடப்பது நமக்குத் தெரியவரும். செல்போனால் கணிப்பொறியை ஆளுவதாயினும், கணிப்பொறியால் செல்போனை ஆளுவதாயினும், இந்த இரண்டு இழைகளே முழு உண்மை.

இவற்றுள் கட்டளை இழை மிக மெலிது. ஒரு விசையை அழுத்தினோம், விரலை இங்கிருந்து அங்கே நகர்த்தினோம் என்று சொல்லச் சில பைட்டுகள் போதும். காட்சி இழைதான் கனமானது. 1920-க்கு 1080 புள்ளி கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு என்றால் ஒரே படத்துக்கு ஏறக்குறைய 62 லட்சம் பைட்டு. விநாடிக்கு 25 படம் அனுப்பினால் 15 கோடிக்கு மேல் போகும். மலைமேல் கிடைக்கும் சிக்னலில் இது நடக்கிற காரியமா? ஆகவே எந்தச் செயலியும் முழுப்படத்தை அனுப்புவதில்லை. திரையில் எந்தச் சதுரம் மாறியதோ அதை மட்டும் எடுத்து, சுருக்கி அனுப்பும். 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான வி.என்.சி. என்னும் முறை இத்தகையதே. நான் மலையில் செய்தது இதனினும் எளிது. எனக்குப் படமே வேண்டாம், எழுத்து போதும் என்று விட்டுவிட்டேன். அந்த அம்மையார் கண்ட கறுப்புத் திரையின் பொருள் இதுதான்.

இனி இணைக்கும் வகையைப் பார்ப்போம். அருகில் இருக்கும் கருவிகளை இணைப்பது ஒன்று, தொலைவில் இருப்பவற்றை இணைப்பது ஒன்று. அருகில் உள்ளவற்றிற்கு மூன்று வழி.

ப்ளூடூத் வழியில் செல்போன் கணிப்பொறியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்றே சொல்லிக்கொள்ளும். கணிப்பொறியும் அதை நம்பிவிடும். ஆகவே கணிப்பொறியில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கு இடமுண்டு.

வை-ஃபை வழிக்கு கே.டி.இ. கனெக்ட் என்ற இலவசச் செயலியைப் பரிந்துரைப்பேன். செல்போனிலும் கணிப்பொறியிலும் அதை ஏற்றி, இரண்டையும் ஒரே வை-ஃபையில் சேர்த்தால், ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒன்று "இணையலாமா?" என்று கேட்க, மற்றது "ஆம்" என்றால், இரண்டும் சாவிகளை மாற்றிக்கொள்ளும். அதன்பின் செல்போன் திரை எலிப்பலகையாகும். கருத்தரங்கில் படவில்லைகளை மாற்ற மேசைக்கும் திரைக்கும் நடையாக நடக்க வேண்டாம். ஆனால் விடுதி வை-ஃபையில் இதை முயன்று, "கருவி எதுவும் காணவில்லை" என்ற விடையையே பெற்றவர் பலர். பொதுவான வை-ஃபைகளில் ஒருவர் கருவி மற்றவர் கருவியைப் பார்க்காதபடி நடுவே சுவர் வைத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கானவர் புழங்கும் இடத்தில் அது நல்லதே. செல்போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதில் கணிப்பொறியைச் சேர்த்துவிட்டால் தடை நீங்கும்.

மூன்றாவது யூ.எஸ்.பி. கம்பி. இது பெரும்பாலும் எதிர்த்திசையில், அதாவது கணிப்பொறியிலிருந்து செல்போனை ஆளப் பயன்படுகிறது. செல்போனின் 'பில்ட் நம்பர்' என்னும் வரியை ஏழுமுறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும், அதில் 'யூ.எஸ்.பி. டீபக்கிங்' என்பதை இயக்கிவிட்டு, கணிப்பொறியில் எஸ்.சி.ஆர்.சி.பி.ஒய். என்ற சிறு நிரலை ஓட்டினால், செல்போன் திரை முழுவதும் கணிப்பொறியில் தோன்றும். திரை உடைந்த போனிலிருந்து படங்களை மீட்க இது உதவும் என்று பலர் சொல்வர். உண்மைதான்; ஆனால் உடைவதற்கு முன்பே இசைவு கொடுத்திருந்தால்தான். புதிய கணிப்பொறி ஒன்று கம்பியில் சேர்ந்தவுடன், "இதை அனுமதிக்கலாமா?" என்று போன் தன் திரையில் கேட்கும். உடைந்த திரையில் அதற்கு எப்படி "ஆம்" சொல்வது? ஆளப்படும் கருவியின்மீதே அந்த இசைவு வாங்கப்படுகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிற்க. தொலைவுக்கு வருவோம். இங்கே முதல் இடர் முகவரி. பழைய இணைய முகவரி முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகின் கருவிகளுக்கு அவை போதா. ஆகவே ஒரு விடுதி முழுவதும், ஏன், ஓர் ஊரின் செல்போன்கள் பலவும், வெளியுலகுக்கு ஒரே கதவிலக்கத்தோடு வாழ்கின்றன. உள்ளிருந்து வெளியே யாரையும் அழைக்கலாம். வெளியிலிருந்து ஒருவர் நேராக உங்கள் அறைக் கதவைத் தட்ட முடியாது. இதற்குக் கண்ட உபாயம் எளியது: இரு கருவிகளும் வெளியே வந்து, நடுவிலுள்ள ஒரு சர்வரை அழைக்கும், அது இருவர் கையையும் சேர்த்துவைக்கும். யாரோடு யாரைச் சேர்ப்பது என்று அதற்குத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காகத்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். பெரும்பாலான தொலையாட்சிச் செயலிகள் இவ்வாறே இயங்குகின்றன.

நான் கொண்ட வழி சற்று வேறு. பேராசிரியரின் அனுமதியோடு, வி.பி.என். என்னும் தனிப்பாதை வழியாக ஆய்வக வலைக்குள் புகுந்து, எஸ்.எஸ்.எச். முறையில் கணிப்பொறியை அடைந்தேன். எஸ்.எஸ்.எச். பிறந்த கதை மாணவர்கள் அறியத்தக்கது. 1995-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினர். அக்காலத்தில் அவை மறைப்பின்றி அப்படியே கம்பியில் போயின. அங்கிருந்த டாட்டு யுலோனென், செய்தி முழுவதையும் குறியீட்டால் மூடி அனுப்பும் இம்முறையை எழுதினார். இதில் இரண்டு சாவிகள் உண்டு. பொதுச்சாவி ஆய்வகத்தில் இருக்கும். மறைசாவி என் செல்போனை விட்டு வெளியேறாது. செல்போன் தொலைந்தால் கணிப்பொறியில் அந்தப் பொதுச்சாவி வரியை அழித்துவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று. மலைப்பாதையில் சிக்னல் அறுந்தால் ஓடும் கணக்கு என்னாகும்? சும்மா விட்டால் தொடர்போடு கணக்கும் சாகும். டீமக்ஸ் என்னும் நிரலுக்குள் வைத்து ஓட்டினால், நான் போனாலும் வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். எனக்கு இதைச் சொல்லித் தர ஆளில்லை. இருமுறை இழந்து கற்றேன்.

இப்படித் தொலைவிலிருந்து ஆளும் முறை நம் கர்நாடகத்திலேயே மிகப் பெரிய அளவில் நடந்து வருகிறது. லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர்த் தொலைநோக்கி உள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983-இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் பெயரால் அது இமாலயச் சந்திரா தொலைநோக்கி எனப்படுகிறது. 2000 செப்டம்பரில் அது முதல் ஒளியைக் கண்டது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடே, குளிரும் கொடிது. இரவெல்லாம் விழித்திருந்து ஆராய்வது எளிதன்று. ஆகவே விஞ்ஞானிகள் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் அமர்ந்து, செயற்கைக்கோள் வழியாக, 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அக்கருவியைத் திருப்புகிறார்கள். அத்தகைய செயற்கைக்கோள் பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கும். கட்டளை ஏறி இறங்கக் கால் விநாடி, பதில் ஏறி இறங்க இன்னொரு கால் விநாடி. விண்மீன்களுக்கு அவசரமில்லை, அரை விநாடி பொறுத்துக்கொள்ளும். எலிப்பலகையில் அரை விநாடி தாமதம் வந்தால் நமக்குத்தான் எரிச்சல் வரும்.

இப்போது அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அவருக்கு வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் கணக்கு நின்றுவிடும் என்றும், உதவிக்காக ஒரு செயலியை ஏற்றும்படியும் சொல்லியிருக்கிறார்கள். செயலியில் ஓர் எண் தோன்றியது. "அந்த எண்ணைப் படியுங்கள் மேடம்" என்றான், படித்தார். பிறகு திரையில் வந்தவற்றுக்கெல்லாம் "அனுமதி" என்பதைத் தொடச் சொன்னான், தொட்டார். அந்த எண்தான் நடுச் சர்வர் கைகளைச் சேர்த்துவைக்கும் எண். அதைச் சொன்னபோது தம் வீட்டுச் சாவியை நீட்டினார்; அனுமதியைத் தொட்டபோது கதவைத் திறந்துவிட்டார். அதன்பின் காட்சி இழையில் அவர் போனின் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் அவனுக்குத் தெரிந்தது, ஓ.டி.பி.யும்தான். சில வங்கிச் செயலிகள் இப்படிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தம் திரையைக் கறுப்பாக்கிக் காட்டும். குறுஞ்செய்திக்கு அந்தக் காவல் எப்போதும் இருப்பதில்லை.

2019 பிப்ரவரியிலேயே இந்திய ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் என்ற செயலியை ஏற்றச் சொல்லி இவ்வாறு பணம் பறிப்பதைப் பற்றி எச்சரித்தது. அச்செயலி தீயதன்று, அலுவலகங்களில் நேர்மையான வேலைக்கு நாள்தோறும் பயன்படுவது. நம் தோழர் ஒருவர் ஊரிலிருக்கும் தாயின் போனைச் சரிசெய்யவும் அதே வகைச் செயலியைத்தான் பயன்படுத்துவார். ஆகவே "கெட்ட செயலி எது?" என்ற கேள்வியால் தப்ப முடியாது. கேட்க வேண்டியது வேறு: அழைத்தது யார்? மைசூர்க் கணிப்பொறிக்கு அனுமதி கேட்டவன் நான், கொடுத்தவர் அதற்கு உரியவர். அம்மையாரின் கதையில் கேட்டவன் முகமறியாதவன். தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதே கொடுத்தவருக்குத் தெரியாது. வங்கி எதுவும் உங்கள் திரையைப் பார்க்கக் கேட்காது.

கதவு திறந்துவிட்டது என்று ஐயம் தோன்றினால், முதலில் செல்போனின் இணையத்தை அணையுங்கள். இரண்டு இழையும் அறும். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

சென்ற மாதம் மறுபடியும் மலைக்குப் போயிருந்தேன். "அக்கா, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்" என்று தொடங்கி, மேலே எழுதியவற்றை என்னால் இயன்றவரை சொன்னேன். பிறகு அவர் போனைக் காட்டும்படி கேட்டேன். பணம் போய் ஓராண்டு ஆகியிருந்தது. அந்தச் செயலி அதிலேயே இருந்தது. 'ஆக்ஸஸிபிலிட்டி' என்னும் பகுதியில் அதற்குக் கொடுத்த அனுமதியும் அப்படியே இருந்தது. எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன்; நான் தொடவில்லை. அவரே அனுமதியை நீக்கி, செயலியையும் அழித்தார்.

"உன் மைசூர் மிஷின் கணக்கு முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டபடி தேநீரை நீட்டினார். எப்போதோ முடிந்துவிட்டது என்றேன்.