பிரேக் மிதி அமுங்குகிறதா?

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் பாசனப் பகுதியில் விளையும் நெல், தேங்காய் முதலியவற்றைச் சிறிய சரக்கு வண்டிகளில் கொண்டு செல்லும் விவசாயிகள், பாரம் ஏற்றுமுன் பிரேக் மிதியைச் சோதித்தல் அவசியம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மிதியை அழுத்திப் பிடிக்கவும்.

1. மிதி பஞ்சுபோல் அமுங்கி, அடுத்தடுத்து மிதித்ததும் கெட்டிப்பட்டால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

2. பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், சக்கரங்களின் உட்புறம், குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்க்கவும். கசிவு இல்லையெனில், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

பூஸ்டர் உள்ள வண்டியில், என்ஜினைக் கிளப்பியதும் மிதி சற்று இறங்கி நிற்பது இயல்பே.

காற்றை வெளியேற்ற இருவர் தேவை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து, குமிழியுடன் ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே மிதியை விட வேண்டும். குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்யவும். இடையில் ஆயில் தொட்டி காலியாகக் கூடாது.

தொட்டி மூடியில் குறித்துள்ள வகை பிரேக் ஆயிலையே ஊற்றவும். என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால், 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நலம்.

கசிவை அடைக்காமல் ஆயில் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். தேய்ந்த ரப்பரையும் சிலிண்டரையும் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு மாற்றவும். கோளாறு தீரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.