சின்னஞ்சிறு உள்ளங்களும் கவிதையும்

ஆண்டு மலருக்குக் கவிதை வேண்டுமென்று கேட்டால் நம் மாணவியர் எதை எழுதித் தருகின்றனர்? நிலவை, மயிலை, அன்னையின் அன்பை, தமிழின் இனிமையை. எதுகையும் மோனையும் ஓரளவு அமைந்திருக்கும். ஆனால் பெயரை மறைத்துவிட்டால் எழுதியவள் யாரென்று பக்கத்தில் அமரும் தோழிக்கும் தெரியாது. நள்ளிரவில் குழாயடியில் குடத்தோடு காத்துக் கிடந்த பெண்ணும் நிலவொளியைப் பற்றியே எழுதுகிறாள். அந்த நிலவொளியில் குடம் மட்டும் இல்லை. குற்றம் அவளுடையதன்று. கவிதை என்றால் அழகியவற்றையே பாடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் ஆசிரியைகளாகிய நாமே அன்றோ?

இலண்டன் மாநகரில் 1971ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. நகரின் கிழக்கே ஸ்டெப்னி என்பது அந்நாளில் ஏழைத் தொழிலாளர் நிறைந்த பகுதி. அங்குள்ள பள்ளியொன்றில் கிறிஸ் சர்ல் என்ற இளைஞர் ஆங்கிலம் கற்பித்தார். ரான் மெக்கார்மிக் என்ற புகைப்படக் கலைஞர் அப்பகுதியில் எடுத்திருந்த படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அவர்களைத் தெருக்களுக்கும் அழைத்துச் சென்றார். கண்டதையும் மனத்தில் தோன்றியதையும் எழுதச் சொன்னார். ஒளியற்ற தெருக்களையும், தனிமையையும், முதியோரின் நிலையையும் அவர்கள் எழுதினர். நிர்வாகக் குழுவினரோ, இவை மிகவும் சோகமாக உள்ளன, வெளியிடலாகாது என்றனர். சர்ல் 'ஸ்டெப்னி வேர்ட்ஸ்' என்ற பெயரில் அவற்றை நூலாக்கினார்; வேலையை இழந்தார். மறுநாள் ஏறத்தாழ 800 பிள்ளைகள் வகுப்புக்குச் செல்ல மறுத்து, மழையில் நனைந்தபடி வெளியே நின்றனர். 1973இல் அவருக்கு மீண்டும் அதே பள்ளியில் பணி கிடைத்தது. (நம் தலைமையாசிரியை அவர்கள் அஞ்சவேண்டாம், வேலைநிறுத்தம் செய்யுமாறு நாம் யாரையும் தூண்டவில்லை!)

தாங்கள் எழுதியது 'சோகம்' என்று பெரியவர்கள் கூறியதை அப்பிள்ளைகள் ஏற்கவில்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது. அவர்கள் சோகத்தைத் தேடிப் போகவில்லை. வீட்டு வாசலில் இருந்ததை எழுதினார்கள்.

எனினும் பெரியவர்களின் தயக்கத்தை அடியோடு தள்ளிவிடவும் இயலாது. தந்தையின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு சிறுமி எழுதி, அது மலரில் வந்து, ஊரார் கையில் கிடைத்தால் அவள் தாய் என்ன பாடுபடுவாள்! எழுதுவது வேறு, அச்சிடுவது வேறு. மனத்துக்குள் கிடந்து அழுத்துவதைத் தாளில் இறக்கிவைக்க எல்லாருக்கும் இடம் தருவோம். அச்சேற்றுவதா என்பதை எழுதியவளே சொல்லட்டும்.

எழுதும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாப்பு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வெண்பாவின் கட்டுப்பாட்டில் தனி இன்பம் உண்டு. ஆனால் முதல் வரியிலேயே எதுகையைத் துரத்தினால் கருத்து ஓடிவிடும். 'வானம்' என்று தொடங்கியவள் 'கானம்' தேடிப் போய், தான் சொல்ல வந்த மழையையே மறந்துவிடுகிறாள். 'துயரம்', 'ஏக்கம்' போன்ற பெரிய சொற்களும் அப்படித்தான். அவை எல்லார் துயரத்துக்கும் பொருந்தும், ஆதலால் ஒருவர் துயரத்தையும் காட்டுவதில்லை. கண்ட ஒரு பொருளைச் சொன்னால் போதும்.

இதை நாம் கற்றது ஒரு ஏழாம் வகுப்பு மாணவியிடம். வீட்டுப் பசுவை விற்ற நாளைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். தொழுவத்தில் கயிறு மட்டும் கிடந்ததாம். தம்பி அதை எடுத்து ஒளித்துவைத்துக் கொண்டானாம். ஓசை சரியில்லையென்று அந்த வரிகளை நீக்கி, பசுவின் பெருமையைக் கூறும் நான்கு வரிகளை நாமே சேர்த்து அச்சுக்கு அனுப்பினோம். மலர் வந்ததும் படித்துப் பார்த்தவள், "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இது எங்க லட்சுமி இல்லையே" என்றாள்.

மாணவியரே, அடுத்த மலருக்குக் கவிதை தரும்போது திருத்திய படியோடு, அடித்தல் திருத்தலுடன் உள்ள முதற்படியையும் இணைத்துத் தாருங்கள். அதைத்தான் நாம் முதலில் படிப்போம்.