சரியாப் பாடல்களின் உட்பொருள்

மறைபொருள் நாடுவோர் பாட்டின் வெளிப்பொருளை எறிந்துவிடலாகாது. கீழை இந்தியப் பௌத்த சித்தர்களின் சரியாப் பாடல்கள் இதற்குச் சான்றாம்.

இவற்றின் ஓலைச்சுவடியை 1907-இல் நேபாள அரண்மனை நூலகத்தில் ஹரப்பிரசாத் சாஸ்திரியார் கண்டெடுத்து, 1916-இல் அச்சேற்றினார். 50 பாடல்களுள் 46-உம், மற்றொன்றின் பாதியுமே அதில் எஞ்சியிருந்தன. இவற்றின் நடையைச் சந்தியா பாஷை என்பர். ஒளியும் இருளும் கலந்த அந்திமொழி என்றார் ஹரப்பிரசாதர். உட்கருத்தைக் குறிக்கும் மொழி என்றார் விதுசேகர சாஸ்திரியார்.

கிருஷ்ணபாதரின் பத்தாம் பாட்டில், நகர்ப்புறத்தே குடிலில் வாழும் டோம்பி ஒருத்தி வருகிறாள். டோம்பர், தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோர், கூடை முடைவோர். வடமொழியில் உரைகண்ட முனிதத்தர், அவளை நைராத்மை என்கிறார். 'நான்' என நிலைத்ததொன்று இல்லை என்னும் மெய்யறிவே நைராத்மை. அது புலன்களுக்கு அப்பாற்பட்டதாகலின், அவள் குடிலும் நகருக்கு அப்பால் உள்ளது.

உரை நன்றே. ஆயினும் நாம் வினவுவோம்: மெய்யறிவுக்கு உருவம் தேடிய சித்தர், அரசியைக் கொள்ளாது, ஊர் தள்ளிய பெண்ணைக் கொண்டதேன்? 'நான் உயர்ந்தோன்' என்னும் செருக்கு அறாதவன் அவள் வாயிலை அணுகவொண்ணாது. சாதிச் செருக்கும் 'நான்' என்னும் பற்றின் கிளையன்றோ! இங்கு வெளிப்பொருளே உட்பொருளுக்குத் திறவுகோலாகிறது.

ஆகலின், முதலில் சொற்பொருளை உணர்க. பின்னர் உரையை நாடுக. முடிவில் இரண்டையும் இணைத்து நோக்குக. டோம்பியைத் தத்துவமென்று மட்டும் போற்றி, ஊர்ப்புறத்தே வாழ்வாரை மறப்போமாயின், பாட்டின் பாதியை இழந்தவராவோம்.